ஆடு பேசினால்தான் வியாழக்கிழமை

கொளத்துச்சாவடியில் வியாழக்கிழமை வராமல் போனது ஒரு புதன்கிழமைக்கு மறுநாள். அன்று காலை ஊரில் எல்லோரும் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல கொட்டாவி விட்டு, ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரில் புதன்கிழமைத் தாளைக் கிழித்தார்கள். கீழே இன்னொரு புதன்கிழமை இருந்தது, அதே தேதி, அதே ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை, அதே ராசிபலன், மேஷத்துக்கு அலைச்சல், ரிஷபத்துக்கு வரவு, துலாமுக்குப் பொறுமை. அச்சகத்துக்காரன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு தாளைச் சேர்த்துத் தைத்துவிட்டான் என்று அதையும் கிழித்தவர்கள் உண்டு, அதற்கும் கீழே புதன்கிழமைதான் இருந்தது. டீக்கடை குப்புராஜ் கோபத்தில் ஒன்பது தாள் கிழித்தான், ஒன்பதும் புதன், பிறகு வீணாக்க மனசில்லாமல் அதிலேயே வடை வைத்துக் கொடுத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மயிலாத்தாள் மட்டும் அன்றைக்குக் காலண்டர் பக்கமே போகவில்லை. இப்படி நடக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும் என்று சொன்னால் அது பொய். நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

மயிலாத்தாளுக்கு நாற்பத்தொன்பது வயது. படம் வரைய யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கறுத்துப்போன ஆதார் நகல், பாதி விழுந்த பட்டா, தலை வெட்டுப்பட்ட சாதிச் சான்றிதழ் என்று கடையில் கெட்டுப்போகும் தாள்களின் முதுகெல்லாம் வெள்ளையாகச் சும்மா கிடக்கிறதே என்ற வயிற்றெரிச்சலில் வரைய ஆரம்பித்தவள். தை மாதத்தில் ஒருநாள் துணிந்து, போனில் ஒரு பக்கம் திறந்து, 'யோவ் தரகா!' என்ற பெயரில் ஒரு படக்கதையைப் போட்டாள். நாலே கட்டம். அதில் தடியப்பன் என்று ஓர் ஆட்டுத் தரகன், அவன் கட்டத்துக்குள் வருவதற்கு முன்னால் அவன் மீசை வந்துவிடும், மீசைக்குப் பின்னால் தொப்பை வரும். அவனிடம் எத்தனை சந்தைக்குக் கூட்டிப்போனாலும் விலைபோகாத ஓர் ஆடு, முதல் மூன்று கட்டத்தில் தரகன் அளந்துவிடுவதையெல்லாம் அசைபோட்டுக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நாலாவது கட்டத்தில் "யோவ் தரகா" என்று ஆரம்பித்து அவன் மானத்தை வாங்கிவிடும். மயிலாத்தாளுக்குக் கை மட்டும் வரையவே வராது. எப்படி வரைந்தாலும் இஞ்சிக் கிழங்காகவே வந்து நின்றது. அதனால் தடியப்பனுடைய கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அல்லது ஆட்டு வயிற்றுக்கு அடியில் இருக்கும், அல்லது துண்டுக்குள் இருக்கும்.

முதல் கதையின் அடியில், மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து, 'வாராவாரம் வியாழக்கிழமை வரும்' என்று அவளும் எழுதிவைத்தாள். எழுதியபிறகு விட முடியுமா? ஒன்பது மணிக்குக் கடை திறப்பேன் என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்குப் பூட்டில் சாவியை வைக்கிற பொம்பளை அவள். பதினாறு வாரம், ஒரு வாரம் தப்பாமல், புதன்கிழமை மத்தியானம் வரைந்து விளக்கு வைப்பதற்குள் போட்டாள், பதினாறு வியாழக்கிழமையும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வியாழக்கிழமைதான் கொளத்துச்சாவடியில் ஆட்டுச்சந்தை. அந்தச் சந்தையில் முப்பது வருஷமாகத் தரகு பார்த்த தெய்வசிகாமணிதான் மயிலாத்தாளின் வீட்டுக்காரர், அவருக்கும் மீசை உண்டு, தொப்பையும் உண்டு. தடியப்பன் யார் என்பது அவர் ஒருவரைத் தவிர ஊருக்கே தெரியும். அவர் வைத்திருந்தது பட்டன் போன். வீட்டில் மயிலாத்தாள் அவரை "ஏனுங்க" என்பாள், அவர் சொல்வதற்கெல்லாம் "செரிங்க" என்பாள், இருபத்தெட்டு வருஷமாக இந்த இரண்டு சொல்லிலேயே குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பதினாறாவது வியாழக்கிழமை தெய்வசிகாமணி சந்தைக்கு நடுவில் ஒரு கிடாயின் மேலேயே சாய்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து, கல்லீரலில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர் மயிலாத்தாளைக் கட்டிலிலிருந்து நாலடி தள்ளிக் கூப்பிட்டு, "வர்ற வியாழனைத் தாண்டறது கஷ்டம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கேக்கறதைக் குடுங்க" என்றான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை மத்தியானம் கடையில் ஒரு கெட்டுப்போன தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வியாழக்கிழமை வரும் என்று தான் எழுதிவைத்தது ஞாபகம் வந்தது. "வர வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் மிஷினை அணைத்து, வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்படித்தான் புதன்கிழமை நிலைத்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நாள் நகரவில்லையே தவிர மற்றதெல்லாம் நகர்ந்தது, நகம் வளர்ந்தது, பால் திரிந்தது, குரு பகவானுக்கு மாலை கட்ட ஊறவைத்த கொண்டைக்கடலை முளைவிட்டு, முளை இலை விட்டு, பூசாரி வேறு வழியில்லாமல் அதைக் கோயிலுக்குப் பின்னால் நட்டுவிட்டார். எல்லைக் கல்லுக்கு அந்தப்புறம் நாட்கள் சாதாரணமாகத்தான் போய்க்கொண்டிருந்தன. காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போனவர்கள் அங்கே வெள்ளிக்கிழமையைப் பார்த்தார்கள், சனிக்கிழமையைப் பார்த்தார்கள், பொழுதோடு புதன்கிழமைக்குத் திரும்பி வந்து சேர்ந்தார்கள். பேப்பரில் ஞாயிறு மலர் வந்தது, அதையும் புதன்கிழமையில் உட்கார்ந்து படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் தினமும் புதன்கிழமை டைம்டேபிள், முதல் இரண்டு பீரியடும் கணக்கு, பிள்ளைகள் ஐந்தாம் நாளே கணக்கு வாத்தியாருக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்தார்கள். ரிஷப ராசிக்காரர்கள் தினமும் குளித்து விபூதி பூசிக்கொண்டு வரவுக்காக வாசலில் காத்திருந்தார்கள். மேஷ ராசிக்காரர்கள் அலைந்தார்கள்.

கறிக்கடை சம்பூர்ணத்துக்குத்தான் யோகம். வியாழன் சாமிக்கு, வெள்ளி சாமிக்கு, சனி பெருமாளுக்கு என்று வாரத்தில் பாதி நாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள், புதன்கிழமைக்கு எந்தச் சாமியும் இல்லாததால் தினமும் கறி வெட்டினாள். ஊரே தினமும் கறி தின்றது. "இருக்கற கெழமைக்கு என்ன கொறச்சல்?" என்று அவள் கேட்டதற்கு, வாய் நிறைய எலும்பு வைத்திருந்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை.

குப்புராஜுக்குத்தான் கேடு. வெள்ளிக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் ஊர் வெள்ளிக்கிழமையில் கிளம்பி எண்பது பேராக வந்து இறங்கினார்கள். இங்கே புதன்கிழமை என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வந்ததுதான் வந்தோம், இருந்து நடத்திவிட்டே போகிறோம் என்று மண்டபத்தில் பாயை விரித்துவிட்டார்கள். காலையில் பொங்கல், மத்தியானம் வடை பாயசத்தோடு இலை, சாயந்திரம் பஜ்ஜி. ஐந்தாம் புதன்கிழமை மாப்பிள்ளையின் சித்தப்பா பஜ்ஜியில் காரம் கம்மி என்று சொல்லியனுப்பினார்.

வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் இப்படி வெந்துகொண்டிருந்தவனுக்குப் புரியத்தானே செய்யும். ஆறாம் புதன்கிழமை காலையில் டீ ஆற்றிக்கொண்டே குப்புராஜ் போனைத் தடவிப் பார்த்தவன், டீயை அந்தரத்திலேயே நிறுத்தினான். "யோவ் தரகா வரலியேப்பா. அது வராம வியாழக்கெழம எப்பிடி வரும்?" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு போனை எடுத்துப் பார்த்தார்கள், ஆமாம், வரவில்லை, அப்படியென்றால் சரிதான் என்று தலையாட்டினார்கள். மழை ஏன் பெய்யவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களிடம் மேகமே இல்லையப்பா என்று யாரோ சொன்ன மாதிரி அவர்களுக்கு மனசு லேசாகிவிட்டது.

அன்றிலிருந்து ஜெராக்ஸ் கடையில் கூட்டம். "அம்மிணி, எங்கூட்டுக்காரரு தூக்கத்துல கொரட்ட விட்டு அவரே முழிச்சு யாருன்னு கேட்டாருங், இத வெச்சு ஒண்ணு வரைங்" என்று ஒருத்தி சிரிப்பு கொண்டுவந்தாள். கட்டில் காலில் தடுக்கி விழுந்ததை ஒருவர் நடித்தே காட்டினார், நெற்றியில் நாலு தையல். மயிலாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தோண மாட்டீங்குதுங்க" என்று ஒரே பதில் சொன்னாள். வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருக்கும்போது பாவம் எப்படித் தோன்றும் என்று கொஞ்சம் பேர் திரும்பிப் போனார்கள். டாக்டர் சொன்ன சேதி தெரிந்திருந்தால் மீதிப்பேரும் போயிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று பயந்தாள்.

பொறுக்கமுடியாமல் குப்புராஜ் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் எட்வினைப் பிடித்தான். அவர் முறையாகப் படித்தவர், தடியப்பனுக்கு எலும்பு, தசை, பத்து விரல், பத்து நகம் எல்லாம் வைத்து வரைந்து, ஆட்டின் வாயில் சிக்கனம் பற்றி ஓர் அறிவுரையையும் எழுதிப் போட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலண்டரைக் கிழித்தால் கீழே கிழமையே இல்லாத ஒரு வெற்றுத்தாள் இருந்தது. ராகுகாலம்கூட இல்லாத அந்த நாளில் ஊருக்குப் பசிக்கவும் இல்லை, தூக்கமும் வரவில்லை, நாய்கள் எதைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் நின்றன. மறுநாள் பழைய புதன்கிழமையே திரும்பி வந்ததும், எட்வின் மாஸ்டரிடமிருந்து பென்சிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் புதன்கிழமை குப்புராஜ் நோயாளியைப் பார்க்கிற சாக்கில் ஆரஞ்சுப் பழத்தோடு மயிலாத்தாளின் வீட்டுக்குப் போனான். அவள் கடையில் இருந்தாள். தெய்வசிகாமணி அண்ணனிடம் சொல்லி அவளைச் சரிக்கட்டலாம் என்பதுதான் திட்டம். பேச்சு எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், போனைத் திறந்து பதினாறு கதையையும் தெய்வசிகாமணியின் மூக்குக்கு நேரே காட்டிவிட்டான்.

மயிலாத்தாள் மத்தியானம் கஞ்சியோடு உள்ளே வந்தபோது குப்புராஜ் போயிருந்தான், அவன் போன் தெய்வசிகாமணியின் நெஞ்சின் மேல் கிடந்தது.

"ஏம் புள்ள, எம்மீச இப்பிடியா இருக்குது?"

"ஏனுங்க, அது வந்து…"

"தொப்பயக்கூட விடு. பதினாறு வாரம். ஒரு வாரங்கூட நான் ஜெயிக்கல. கடேசிக் கட்டத்துல ஆடே பேசுது." மூச்சு வாங்கியது, நிறுத்திக்கொண்டார். "அந்த ஆடு நீதான?"

மயிலாத்தாள் கஞ்சியைக் கீழே வைத்தாள். "ஆமாங்க" என்றாள்.

"இருவத்தெட்டு வருசமா செரிங்க செரிங்கன்னுட்டு, இவ்வளவையும் உள்ள வெச்சிருந்தயா?" அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி, வலி அடங்க வெகுநேரம் ஆனது. "எங்க, ஆடு சொல்ற மாதிரி நேர்ல ஒருதடவ சொல்லு பாக்கலாம்."

"அய்யோ, நானெங்கீங்க…"

"சொல்லுன்னா சொல்லு."

"யோவ்" என்றாள் மயிலாத்தாள். சொன்னதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் வெகு திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவு திருப்தியை அவள் அவர் முகத்தில் நல்ல கிடாய் விலை தகைந்த அன்றுதான் பார்த்திருக்கிறாள்.

"அந்தப் பொடியன் டாக்டரு சொன்னது எனக்கும் கேட்டுது. கண்ணத்தான் மூடியிருந்தேன், காத மூடல" என்றார் பிறகு. "வரைஞ்சு போட்டுரு புள்ள. சந்த நின்னு எத்தன நாளாச்சு, குப்புராசு ஒடம்பு பாதியாப் போச்சு. நான் ஒருத்தன் மூச்சு விடறதுக்கு ஊரே புதங்கெழமைல நிக்கோணுமா?"

"நிக்கட்டுங்க. ஊரு நிக்கட்டும். எனக்கு நீங்க வேணும்."

"வலிக்குது மயிலா."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவர் தலைமாட்டில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டார். ஆட்டுச்சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, பிடிக்கிற விரலால் கேட்பார்கள், பிடிக்கிற விரலால் குறைப்பார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகர்கள் இதை வீட்டுப் பொம்பளைகளுக்குச் சொல்லித்தருவதில்லை. மயிலாத்தாள் சோறு கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில், துணிக்கு மேலே தெரிகிற அசைவை வைத்தே கற்றுக்கொண்டிருந்தாள். அவள் துண்டுக்குள் கையை விட்டு, அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். இன்னும் ஐந்து புதன்கிழமை. அவர் மாட்டேன் என்று அவளுடைய ஒரு விரலைப் பிடித்தார். அவள் நாலு பிடித்தாள். அவர் ஒன்றிலேயே நின்றார், கெட்டிக்காரத் தரகர் அல்லவா. அவள் மூன்று பிடித்து விடவேமாட்டேன் என்று இறுக்கினாள். வெகுநேரம் துண்டு அசையவில்லை. பிறகு அவர் மெதுவாக இரண்டு விரலைப் பிடித்து, அவள் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டால் வியாபாரம் முடிந்தது, அதற்குமேல் பேசுவது சந்தையில் வழக்கமில்லை.

"தரகு வேணும் எனக்கு" என்றார். "பதினாறு கதையிலயும் எங்கையக் காணோம். கையில்லாதவன் என்ன தரகன்? ஒரு தடவ வரை."

"எனக்குக் கை வராதுங்க."

"ரெண்டு நாளு இருக்குதில்ல."

அந்த இரண்டு புதன்கிழமையும் மயிலாத்தாள் கடை திறக்கவில்லை. தலையணைமேல் அவர் கையை எடுத்து வைத்து, கெட்டுப்போன தாள் ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தாள். முதல் கையில் ஆறு விரல் இருந்தது. இரண்டாவது வாழைச்சீப்பாக வந்தது. "இது கையா, கத்திரிக்காயா?" என்று ஒவ்வொன்றுக்கும் அவர் பழித்தார், பழித்துவிட்டுத் தூங்கினார், விழித்து மறுபடி பழித்தார். கட்டைவிரலடியில் ஆட்டுக்கயிறு அறுத்த தழும்பு, ஒருபக்கம் கோணிய சுண்டுவிரல், சதையில் புதைந்து இனிக் கழற்றமுடியாத கல்யாண மோதிரம். சுற்றுவட்டாரத்தில் ஆடு வாங்கியவன் விற்றவன் எல்லோரும் துண்டுக்குள் பிடித்த கை அது, அவள்தான் அதைக் குறைவாகப் பிடித்தவள். அதை நினைத்து அழுதாள், அழுதுகொண்டே வரைந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், யாரோ ஒருவருடைய வருமானச் சான்றிதழின் முதுகில், கை வந்தது.

"இந்தவாட்டியாச்சும் கடேசில நான் பேசறனா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஆடுதான் பேசும்."

முதல் மூன்று கட்டத்தில் தடியப்பன் துண்டை விலக்கிக் கையை வெளியே எடுத்து நீட்டுகிறான். தழும்பும் மோதிரமுமாக, உயிரோடு ஒரு கை. நாலாவது கட்டத்தில் ஆடு அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யோவ் தரகா, கை ஜோரு. மூஞ்சிதான் தேறல" என்கிறது. தெய்வசிகாமணி சத்தம் வராமல் வயிறு குலுங்கச் சிரித்தார். அனுப்புகிற பட்டனை அவள் அமுக்கப் போனபோது, "இரு, நானே அமுத்தறேன்" என்று அந்தக் கோணல் சுண்டுவிரலால் அவரே அமுக்கினார்.

விடிந்தபோது வியாழக்கிழமை வந்திருந்தது. ஆடுகள் கத்திக்கொண்டு ஊருக்குள் நுழைந்தன. காலண்டரில் தெய்வசிகாமணியின் துலாம் ராசிக்குப் பயணம் என்று போட்டிருந்தது. அவர் படுத்தபடியே சந்தைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்து, "நல்ல கூட்டம்" என்றார், பத்துமணிவாக்கில் அவள் கையைப் பிடித்தபடி போய்ச்சேர்ந்தார். சேதி கேட்டுச் சந்தை வாயடைத்தது; துண்டுக்குள் பேசுகிற வியாபாரம் என்பதால் சத்தமில்லாமலேயே நடந்து முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேரும் பாடை எடுப்புக்கு வந்தார்கள், மறுநாள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அத்தனை நாள் தங்கிய ஊரை விட்டுப் பிரியமுடியாமல் கண்கலங்கிப் பஸ் ஏறினார்கள். குப்புராஜும் அழுதான், அவன் அழுதது வேறு காரணத்துக்கு.

அடுத்த புதன்கிழமை மயிலாத்தாள் கடையைத் திறந்தாள். மத்தியானம் ஆனதும் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். வாய்திறந்து கேட்க யாருக்கும் முகமில்லை, ஆளுக்கொரு ஆதார் கார்டை நீட்டினார்கள். குப்புராஜ் ஒரே ரேஷன் கார்டைப் பதினொரு நகல் எடுத்தான். சம்பூர்ணம்கூட வந்தாள், வியாழக்கிழமை அவளுக்கு நஷ்டம் என்றாலும் வந்து நின்றாள்.

மயிலாத்தாள் ஒரு கெட்டுப்போன தாளைத் திருப்பிப் போட்டாள். முதல் கட்டத்தில் தரையில் ஒரு துண்டு கிடந்தது, பக்கத்தில் ஆடு. இரண்டாவது கட்டத்தில் ஆடு துண்டை முகர்ந்து பார்த்தது. மூன்றாவது கட்டத்தில் ஆடு முன்னங்காலைத் துண்டுக்குள் விட்டுக் காத்திருந்தது. நாலாவது கட்டத்துக்கு அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். 'யோவ்' என்று எழுதி, அதை அழித்தாள். பிறகு ஆட்டின் வாயருகே ஒரே ஒரு சொல் எழுதினாள்.

"ஏனுங்க."

விளக்கு வைப்பதற்குள் அதைப் போட்டாள். மறுநாள் வியாழக்கிழமை வந்தது, சந்தை கூடியது.